சுவரைத் தாண்டிக் கேட்ட குரல்

அஞ்சி ஒதுங்கிய பிள்ளையையும் ஆங்கில இலக்கணத்தின் அருகே அமரவைத்த ஆசிரியைப் பெருந்தகையே! சொல்லைச் சுமையாக்காது சொத்தாக்கித் தந்த சோர்விலாச் செம்மலே! வணக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் தாங்கள் சிவப்பு மையைத் தொட்டதில்லை. பிள்ளைகளின் பிழையைப் பென்சிலால் மெல்லச் சுழித்து, திருத்தியதும் அந்தச் சுழியை அவர்களே அழித்துக்கொள்ள விட்டீர்கள். வாரந்தோறும் ஆளுக்கொரு புதுச் சொல்லைக் கொடுத்து, வீட்டில் அதைப் பேசிப் பழகிவரச் சொன்னீர்கள். "ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குறான் டீச்சர்" என்று முறையிட வந்த தாயிடம், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா, வேற வார்த்தை தந்துடுறேன்" என்றீர்கள். ஆசிரியர் அறையில் இன்றும் அதுதான் பேச்சு.

வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்குப் பழைய ஆங்கில நாவல் ஒன்றைத் தாங்கள் உரக்க வாசிப்பது இப்பள்ளியின் வழக்கமாகவே ஆயிற்று. இவ்வாண்டுக் கதையில், மகனிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன கிழவர் வாய் திறந்தால் தங்கள் குரல் கரகரக்கும். உடனே மெல்லிய சுவருக்கு அப்பால் கணக்கு ஆசிரியரின் சாக்பீஸ் நின்றுவிடும். அவர் வகுப்பும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

ஆனால் கதை முடியுமுன் தங்கள் பணிக்காலம் முடிகிறது. இன்னும் மூன்று அத்தியாயங்கள் மிச்சமிருக்க, அந்தப் பாடவேளை தேர்வுப் பயிற்சிக்குப் போவதாக இருந்தது. "கிழவர் வீட்டுக்குத் திரும்பி வருவாரா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்க, தாங்கள் புத்தகத்தை மூடினீர்கள்.

அம்மையீர்! தங்களிடம் இதுவரை மறைத்த செய்தி ஒன்று உண்டு. நேற்று கணக்கு ஆசிரியர் தலைமையாசிரியரிடம் போய், "அந்த பீரியடை எனக்குக் குடுங்க சார்" என்றார்.

"கணக்குக்குத்தானே?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்ல சார், நாவலுக்கு. கதை பாதியில நிக்குது. என் கிளாஸ் பசங்களும் என்னைப் போட்டுத் துளைக்கிறாங்க."

தலைமையாசிரியர் கால அட்டவணையை எடுத்துத் திருத்தினார்.

நோய்நொடி அண்டாமல், கண்ணொளி குன்றாமல், மணியடிக்கும் என்ற பரபரப்பின்றி மனம்போல் படித்து நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ்க! ஒரே ஒரு குறை. கணக்கு ஆசிரியருக்கு உச்சரிப்பெல்லாம் சுத்தம். கிழவர் குரல்தான் எத்தனை முயன்றும் வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் தங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம். கிழவர் பேசவேண்டிய இடம் வந்ததும் கணக்கு ஆசிரியர் வாசிப்பை நிறுத்துவார். அங்கே தாங்கள் பேசுங்கள்.

நன்றி மறவாத,
சுவருக்கு இப்பால் இருந்து கேட்ட ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்