ஐந்து பதக்கங்களிலும் ஒரே கீறல்

பேர்லின், 14.11.2024, வியாழக்கிழமை. போலிப் பதக்க விற்பனை வழக்கில் சாட்சியின் வாக்குமூலம். விசாரித்தவர் காவல்துறை ஆணையர் திருமதி ஹோல்ட்ஸ். மொழிபெயர்த்தவர் திருமதி மகாதேவி நித்தியானந்தன்.

எனது பெயர் மரியான் யாகோப்பு. வயது 61. பிறந்த இடம் மன்னார் பேசாலை. தற்போதைய வதிவிடம் பேர்லின், நொய்கெல்ன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். மனைவி பெயர் புஷ்பமலர். பிள்ளை ஒருவன், பெயர் றொனால்ட், வயது 31. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் ஆய்வுகூடமொன்றில், மெழுகில் உருச் செய்து உலோகத்தில் வார்ப்பது அவனுடைய தொழில். இன்று காலை என்னைத் தன் காரில் இங்கே கொண்டுவந்து விட்டவனும் அவனே.

உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றும், ஆனால் என்னையோ என் மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்களையோ குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்றும் ஆணையர் விளக்கினார். விளங்கிக்கொண்டேன். இந்த வழக்குக்கும் என் வீட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணி, அந்தச் சலுகை எனக்குத் தேவைப்படாது என்று சொன்னேன்.

நான் பழைய கிழக்கு ஜெர்மனி அரசு வழங்கிய பதக்கங்களைச் சேர்ப்பவன். 1985ஆம் ஆண்டு கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து அகதியாகப் பதிந்தேன். விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரியின் நெஞ்சில் ஒரு பதக்கம் இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து அந்தப் பதக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேர்லின் சுவர் விழுந்த பின்னர் அதே மாதிரிப் பதக்கம் ஞாயிறு சந்தையில் பழைய கரண்டிகளோடு கிடக்கக் கண்டு வாங்கினேன். அதன் பின்னர் என்னால் நிறுத்த முடியவில்லை. குடிக்கிற புருஷனைத் திருத்தினாலும் இந்த மனிசனைத் திருத்த ஏலாது என்று என் மனைவி சொல்வதுண்டு.

இந்தப் பதக்கங்களில் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வளையம் ஒட்டப்பட்ட இடம், ஊசியின் வளைவு, விளிம்பில் அரம் ஓடிய திசை இவற்றை வைத்து இது எந்தப் பட்டறையின் வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள், அல்லது திரு. வோல்ட்டரிடம் கொண்டுபோவார்கள். காவல்துறை என்னை ஏன் அழைத்தது என்று கேட்கப்பட்டதால் இதைச் சொல்கிறேன். பெருமையும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொன்னால் அது பொய்.

திரு. வோல்ட்டருக்கு வயது 79. இளம் வயதில் கிழக்கு ஜெர்மனியின் சக்சனிப் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் பதக்கங்களுக்கு உருக்கு அச்சு வெட்டியவர். ஞாயிறு சந்தையில் அவருக்கு ஒரு மேசை உண்டு. அந்த மேசையில்தான் நாங்கள் பழகினோம். தன் மனைவி இறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளன்று, எங்கள் வீட்டுக்கு வந்து, வியர்க்க வியர்க்க மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். இந்த ஊரில் என்னை நம்புகிற மனிதர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

அவருடைய மேசையில் இந்தக் கோடைக்காலத்தில் விற்கப்பட்ட ஐந்து வெள்ளிப் பதக்கங்கள் போலி என்று வாங்கியவர் முறையிட்டதையும், அவருடைய வீடு சோதிக்கப்பட்டு உளிகள் எடுத்துச் செல்லப்பட்டதையும் சங்கத்தார் சொல்லி அறிந்தேன். அவருக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. வெட்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து மேற்கொண்டு தொந்தரவு செய்யவில்லை.

அதன் பின்னர் ஆணையர் அந்த ஐந்து பதக்கங்களையும் பிளாஸ்டிக் பைகளில் இருந்து எடுத்து, கையுறை தந்து, என் முன்னால் வைத்தார். சுரங்கத் தொழிலாளருக்கு வழங்கிய பதக்கம் அது; நடுவில் குறுக்காக இரண்டு சுத்தியல், சுற்றிவர இலைகள். பார்த்தவுடனேயே இவை அச்சில் அடித்தவை அல்ல, வார்த்தவை என்று சொன்னேன். அடித்த பதக்கத்தில் எழுத்தின் ஓரம் கையை வெட்டுவது போல இருக்கும். இவற்றில் ஓரம் பாதி கரைந்த சவர்க்காரம் போல மழுங்கியிருந்தது. செய்தவர் கைத்திறன் உள்ளவர் என்றும், வளையத்தை ஒட்டிய விதம் மிகச் சுத்தம் என்றும் சொன்னேன். என் வாயாலேயே பாராட்டினேன்.

திரு. வோல்ட்டர் இவற்றைச் செய்திருக்க முடியுமா என்று ஆணையர் கேட்டார். அவர் அச்சு வெட்டுபவர், வார்ப்பு வேலை அறியாதவர் என்றேன். ஆதாரத்தோடு சொல்கிறீர்களா, நண்பர் என்பதால் சொல்கிறீர்களா என்று கேட்டார். நண்பர் என்பதாலும் சொல்கிறேன் என்றேன். நட்பு இங்கே ஆதாரமாகாது என்றும், வேறு ஒருவரைக் காட்ட முடியாவிட்டால் இந்த மாதம் அவர்மீது வழக்குத் தாக்கலாகும் என்றும் ஆணையர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் செய்தவர் யார் என்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன்.

முதலாவது பதக்கத்தில் இடப்பக்கச் சுத்தியலின் பிடியில் ஒரு கீறல் இருந்தது. நீளமாகப் போய் நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைந்தது. இரண்டாவதை எடுத்தேன். அதே இடத்தில் அதே கீறல். மூன்றாவதிலும் இருந்தது. மற்ற இரண்டையும் எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தேன். என்ன கண்டீர்கள் என்று ஆணையர் கேட்டார். தண்ணீர் வேண்டும், கொஞ்சம் வெளியே போக வேண்டும் என்று சொன்னேன். விசாரணை இடைநிறுத்தப்பட்டது.

அதன் பின்னர் நடைபாதையில் நின்று என் மனைவிக்குப் போன் எடுத்தேன். எங்கள் வீட்டு அலுமாரியில் என்னுடைய சுரங்கப் பதக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"இருக்கு. என்ன இப்ப அதுக்கு?" என்றார்.

"அதை ஆரும் வெளியில கொண்டுபோனவையோ?"

"றொனால்ட்தான் மாசியில கொண்டுபோனவன். தான் வேலை செய்யிற லாபில நல்ல கமெரா இருக்காம், வடிவாப் படம் எடுத்து அப்பாவின்ர பிறந்தநாளுக்குக் குடுப்பம், சொல்லிப்போடாதேங்கோ எண்டவன். ஒரு கிழமையால கொண்டந்து வச்சிட்டான்."

"படம் தந்தவனோ?"

"இல்லை, மறந்திருப்பான். என்னத்துக்குக் கேக்கிறியள்?"

சும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நடைபாதையின் ஜன்னல் தெருப்பக்கம் இருந்தது. கீழே றொனால்ட் காரில் சாய்ந்து நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று வாங்கி, ஆறிவிடாமல் இருக்க அதைத் தன் கம்பளித் தொப்பியால் மூடிக் காரின் மேல் வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஏனெனில் அப்படித்தான் முடிவெடுத்தேன்.

விசாரணை மீண்டும் தொடங்கியது. செய்தவரை அடையாளம் காண முடியவில்லை என்று சொல்வதற்கு முன், எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. திரு. வோல்ட்டர் இந்தப் பதக்கங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தார் என்றும், வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார் என்றும் ஆணையர் சொன்னார். அதன் பின்னர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆணையர் சற்று யோசித்துவிட்டு, அவருடைய வாக்குமூலத்திலிருந்து ஒரு இடத்தை வாசித்தார். "இந்தப் பட்டறையை எனக்குத் தெரியும். அங்கே நல்ல சாப்பாடு. அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன்." வயதான மனிதர், பேச்சுத் தடுமாறுகிறது என்று தாங்கள் எண்ணியதாக ஆணையர் சொன்னார்.

அவருடைய பேச்சுத் தடுமாறவில்லை. அந்தப் பேச்சின் பொருள் இந்த உலகத்தில் நாலு பேருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லத் தொடங்கினேன். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "யாகோப்பு அண்ணை, அவசரப்படாதேங்கோ, இன்னொருக்கா யோசியுங்கோ" என்றார். சாட்சிக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்று ஆணையர் அவரைக் கண்டித்தார். பின்னர் தொடக்கத்தில் சொன்ன சலுகையைத் தானே இரண்டாம் முறையும் எனக்கு விளக்கினார். விளங்கியது, ஆனாலும் சொல்கிறேன் என்றேன்.

2023ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய வாரம் என் மனைவி வீட்டுக் குத்துவிளக்கையும் மெழுகுதிரிக் கால்களையும் பழப்புளி போட்டு மினுக்கினார். அலுமாரியைத் துடைக்கும்போது அந்தச் சுரங்கப் பதக்கம் கறுத்துக் கிடந்ததைக் கண்டு, பாவம் பார்த்து அதையும் சேர்த்துப் புளியில் போட்டார். சேகரிப்பவன் வீட்டில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. பழைய பதக்கத்தின் மதிப்பே அந்தக் கறுப்பில்தான்; அறுபது வருடக் கறுப்பு அரை மணியில் போய்விட்டது. சுத்தியலுக்கும் இலைக்கும் நடுவில் சிக்கிய புளித்தும்பை அவர் கத்தி முனையால் கிண்டியபோது கத்தி வழுக்கி, சுத்தியலின் பிடியில் நுனி வளைந்த அந்தக் கீறல் விழுந்தது. எங்கள் கல்யாணம் முடிந்து அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கத்தியதில்லை.

நத்தார் அன்று திரு. வோல்ட்டர் சாப்பிட வந்தபோது நான் அந்தப் பதக்கத்தைக் காட்டி முறையிட்டேன். அவர் கீறலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். இனி இதைச் செய்த பட்டறை எது என்று எவரும் மண்டையை உடைக்கத் தேவையில்லை என்று சொல்லி, என் மனைவியைக் காட்டி, இது புஷ்பாவின் பட்டறை என்றார். நானும் சிரித்துவிட்டேன். கோபமும் போய்விட்டது. மேசையில் இருந்தவர்கள் அவர், நான், மனைவி, றொனால்ட்.

ஆகவே இந்த ஐந்தும் என் வீட்டு அலுமாரியில் இருக்கும் பதக்கத்தில் இருந்து அச்செடுத்து வார்த்தவை. இந்தக் கீறல் உலகத்தில் வேறு எந்தப் பதக்கத்திலும் இருக்க முடியாது. என் வீட்டுப் பதக்கத்தைக் காவல்துறை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். புளி போட்டு மினுக்கியதால் அது இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது.

நீங்களே வார்த்திருக்கலாமே என்று ஆணையர் கேட்டார். திரு. வோல்ட்டரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்றேன். கீறலைக் கண்டு, யாகோப்பு என்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, அப்படி நினைத்தும் என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதை நினைக்க எனக்குத் தாங்கமுடியவில்லை. எனக்கு வார்க்கத் தெரியாது. என் வீட்டில் வார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான். என் மகன் றொனால்ட்.

பதக்கங்கள் எப்படிச் சந்தை மேசைக்குப் போயின என்பதை நான் கண்ணால் காணவில்லை. ஆனால் என் மகன் கொண்டுபோய், அப்பா தந்துவிட்டவர் என்று சொன்னால் திரு. வோல்ட்டர் உறையைத் திறந்தும் பார்க்கமாட்டார். அவருக்கு என்மேல் உள்ள நம்பிக்கையே அவரை மாட்டிவிட்டது. றொனால்ட் ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன். இன்று காலை காரில் வரும்போது அவன் என்னிடம், "அப்பா, செய்தது ஆரெண்டு பாத்த உடன கண்டுபிடிச்சிடுவியளோ?" என்று கேட்டான். "பாத்தாத் தெரியும்" என்றேன். "சில நேரம் பிடிபடாமலும் போகும், என்ன?" என்றான். "எனக்கோ?" என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் மகன் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஆணையர் கேட்டார். இந்தக் கட்டிடத்தின் வாசலில், நீல நிறக் காரோடு, என்னைக் கூட்டிக்கொண்டு போகக் காத்து நிற்கிறான் என்று பதில் சொன்னேன். சீருடை போட்டவர்களை அனுப்ப வேண்டாம், நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று கேட்டேன். என்னோடு ஓர் அதிகாரி சாதாரண உடையில் வருவார் என்ற நிபந்தனையோடு ஆணையர் சம்மதித்தார். அவன் எனக்கு வாங்கி வைத்திருக்கும் கோப்பியைக் குடித்துவிட்டு வரலாமா என்றும் கேட்டேன். ஆணையர் தலையாட்டினார்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் கேட்டதும் இதில் உண்டு. கூட்டவும் இல்லை, என் பிள்ளை என்பதற்காகக் குறைக்கவும் இல்லை. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. இது உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ம. யாகோப்பு
றொனால்டின் தகப்பன்