மூடியாச்சா அண்ணா

இந்த அறையின் மின்விசிறி ஒரு பக்கமாக ஆடுகிறது சார். ஒரு திருகாணியை முறுக்கினால் நின்றுவிடும். இத்தனை பேர் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற இடம். ஒருத்தருக்கும் ஏறி முறுக்க மனசு வரவில்லை. எனக்கு இந்த மாதிரி விஷயம் பொறுக்காது. ஆய்வகத்தில் என்னைத் ‘தராசு’ என்று கூப்பிடுவது அதனால்தான். கேலிக்கு வைத்த பெயர். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். கணினிக்குள் இப்போது ஓடுவது மின்சாரம். ஓட ஓடச் சூடாகும். அதற்குப் பதில் ஒளியை ஓடவிட்டுக் கணக்குப் போடமுடியுமா என்று பார்க்கிறோம். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் நூற்றுக்கணக்கில் கிழித்தால் ஒரு கீற்று வருமே, அந்த அகலத்துக்குக் கணினிச் சில்லின் மேல் வாய்க்கால் வெட்டி அதற்குள் ஒளியை விடுவோம். டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டு செய்கிற வேலை. என் அப்பா மூட்டை தூக்கியவர். “டாக்டர் ஆயிட்டேன்னு சொன்னே. அப்புறமும் என்னடா படிப்பு? ஃபெயிலா?” என்பார். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

வாய்க்கால் வளைகிற இடத்தில் ஒளி வெளியே ஒழுகும். அதுதான் என் பிரச்சினை. அந்த ஒழுகலை அடைக்கத்தான் என் இளமை முழுக்கப் போனது. ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு விளிம்பாக இழைத்தேன். கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. யாரையும் குறை சொல்லவில்லை. நானாக ஏற்றுக்கொண்ட பாரம்.

அப்போதுதான் பொடிசு வந்தாள். ஆள் குள்ளம். நுண்ணோக்கியில் கண் வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். கணக்குப் படித்துவிட்டு வந்தவள், திருகாணி பிடிக்கத் தெரியாது. நான்தான் கற்றுக்கொடுத்தேன். என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறப்பாள். அண்ணா, அண்ணா என்று காலைச் சுற்றுவாள். கூடப்பிறந்தவள் மாதிரி என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் சார். இன்னொன்று தேவைப்படவில்லை.

ஒருநாள் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வாயில் பிஸ்கட்டோடு, “ஏன் அண்ணா இதை அடைச்சு அடைச்சு உயிரை விடுறீங்க? ஒழுகட்டுமே. ஒழுகுறதை ஒரு இடத்துல சேர்த்து அளந்தா அதுவே கூட்டல் கணக்காச்சே!” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

அது வேலை செய்தது. அழகாகவே செய்தது, பொய் சொல்லமாட்டேன். குழு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் பேராசிரியர் என் முதுகில் தட்டி, “தராசு, உன் உழைப்பு ஒண்ணும் வீண் போகலைப்பா. நீ இவ்வளவு அடைச்சதாலதான் எங்கே ஒழுகுதுன்னு நமக்குத் தெரிஞ்சுது” என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இருந்தது ஒரே ஒரு நிரந்தர இடம். அவளுக்குப் போனது. என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு சரி என்றார்கள். அன்று சாயங்காலம் அவளே வந்து, “கவலைப்படாதீங்க அண்ணா. என் குழுவில உங்களுக்கு ஒரு இடம் கேட்டு வாங்கித் தரேன். எனக்கு லேசரெல்லாம் யார் பார்த்துப்பாங்க?” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். “சரிம்மா” என்றேன். கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

இனி எங்கள் ஆய்வகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற ஒளி என்றால் இமை தானாக மூடிக்கொள்ளும். தெரியாததற்கு இமை எப்படி மூடும்? நேராக உள்ளே போய் விழித்திரையைப் பொசுக்கிவிடும். அதனால் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் சில்லுப் பக்கம். ஒளியை மறிக்கிற தகடும், அது திறந்திருந்தால் எரிகிற சிவப்பு விளக்கும் இன்னொருவர் பக்கம். நடுவில் கறுப்புத் திரை. சில்லுப் பக்கம் இருப்பவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிவதற்கு முன் “மூடியாச்சா?” என்று கேட்கவேண்டும். மற்றவர் தகட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு “மூடியாச்சு” என்று சொல்லவேண்டும். சுவரில் ஒட்டிய விதிகளில் இது இல்லை. அங்கே இதைக் கொண்டுவந்தவனே நான்தான். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் ஒருத்தர் கண்ணிலும் தூசிகூட விழுந்ததில்லை.

சம்பவம் நடந்த அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சில்லில் கிடப்பது தூசியா கீறலா என்று கேமராவில் பிடிபடவில்லை. பெட்டியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“மூடியாச்சா அண்ணா?”

தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மூடியாச்சு” என்றேன்.

வலி இருக்காது சார், அது எனக்குத் தெரியும். மண்டைக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மருத்துவர் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் தெரியும்; நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எழுத்தும் கிடையாது, முகமும் கிடையாது. பாதுகாப்புக் குழு விசாரித்தது. தகட்டுப் பக்கம் இருந்தவர் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டார், இது கவனக்குறைவு என்று முடிவெழுதியது. பொடிசும் அப்படித்தான் சாட்சி சொன்னாள். எனக்கு ஓர் எச்சரிக்கை. ஆய்வகத்துக்குள் போகத் தடை. பேராசிரியர் என்னைக் கட்டிப்பிடித்து, “யாருக்கும் நடக்கிறதுதான்பா” என்றார்.

யாருக்கும் நடக்கிறதாம்.

அப்பா வேலை பார்த்த சரக்குக் கிடங்கில் லாரி மேலிருந்து மூட்டை உருட்டுகிறவன் முதலில் குரல் கொடுக்கவேண்டும். கொடுக்க மறந்த ஒருத்தனால் கீழே நின்றவன் கழுத்து முறிந்தது. அவனை ஒருத்தரும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கூட ஒருத்தரும் மூட்டை தொடவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் திருடனுக்குக்கூட ஒரு வாய் சோறு உண்டு. கவனங்கெட்டவனை வாசல்படி ஏற்றமாட்டார்கள். முடிவு வந்த அன்று அப்பா எனக்கு எதிரில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

பொடிசைப் பார்க்கப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டு, “வாப்பா, உன்னையேதான் கேட்டுட்டிருந்தா” என்றார். பொடிசு தலையைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் என்னைப் பார்த்தாள். கோழி பார்க்குமே, அப்படி. அம்மா காப்பி போட உள்ளே போகும்வரை பேசவில்லை.

“ரெண்டாவது தடவை கேட்டேனே, அதை நான் யார்கிட்டயும் சொல்லலை அண்ணா.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“சொன்னா நீங்க பெரிய ஆளாயிடுவீங்க. கணக்காத் திட்டம் போட்டவர்னு ஆயிடும். வேணாம். மறதிக்காரன், கைகாலைச் சரியா வச்சுக்கத் தெரியாதவன்னே இருந்துட்டுப் போங்க. உங்களுக்கு அது போதும்.”

காப்பி வந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் சார். அந்த அறிக்கையில் இருப்பது பாதிதான். மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குப் பிறகு அவள் தலையைத் தூக்கினாள். “அண்ணா, ஏதோ டப்புன்னு கேட்டுச்சு. என்னமோ மங்கலா இருக்கு. நிஜமா மூடித்தானே இருக்கு?” என்றாள். தகட்டை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். அது திறந்தபடியே, நேர்கோட்டில், நான் வைத்த இடத்தில் இருந்தது. “மூடித்தாம்மா இருக்கு, நல்லா குனிஞ்சு பாரு” என்றேன். குனிந்தாள். அவள் நிமிர்கிறவரை நான் மூடவில்லை.

மறதிக்காரன் செய்கிற வேலையா இது? இரண்டு முறையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள். பாவம் பொடிசு, என்னை வாயடைத்து உட்காரவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானாகவே இங்கு வந்து எல்லாவற்றையும் சொல்வேன் என்று அவள் கனவில்கூட நினைத்திருக்கமாட்டாள்.