சுண்டுவிரல் மை

– எனக்கே நெசமா ஞாபகம் இருக்குதா, இல்ல அப்பா சொல்லிச் சொல்லி வந்ததான்னு தெரியலக்கா. சிலோன்ல இருந்து வந்த படகு ஞாபகம் இருக்கு. அம்மா என் வாயப் பொத்துனது ஞாபகம் இருக்கு. ஆனா அப்ப எனக்கு நாலு வயசுங்கறாங்க. நாலு வயசுல அதெல்லாம் நெனப்பு நிக்குமா?

– பயந்தது நிக்கும், யுவராணி. ஹூக்கு வெச்சிக்கிட்டே சொல்லு, அந்த டீச்சரு ஜாக்கெட்டுக்கு அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க. உங்க ஊரு எலெக்சன்ல இப்ப யாரு முன்னாடி போறாங்க?

– அங்கயா? ஒருத்தருக்கும் பாதிக்கு மேல வரலியாம். அதனால ரெண்டாவது விருப்பு வாக்க எண்ணிக்கிட்டு இருக்காங்க.

– அது எப்படி, ரெண்டாவது?

– அங்க சீட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடலாம்க்கா. மொதல்ல போட்ட ஆளு தேறலன்னா அந்த ஓட்டு ரெண்டாவது ஆளுக்குப் போயிடும்.

– நல்ல வேளை, எங்க வூட்டுக்காரருக்கு இது தெரியாது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே ரெண்டாவதா ஒருத்திய எழுதி வெச்சிருப்பாரு. சரி, காலையில இருந்து ஃபோன கீழ வெக்கல நீ. யாரு ஜெயிச்சா உனக்கு நல்லது?

– யாரு வந்தாலும் எனக்கு ஒண்ணுதான். அங்க போயிருக்கற எங்க வூட்டுக்காரரு விரல் வரணும், அதுக்குத்தான் பாக்கறேன்.

– விரலா? அது எப்படி?

– போன வருஷம் பொறப்படறப்பவே சொல்லிட்டுப் போனாரு. நான் முன்னாடி போய்ப் பாக்கறேன், அங்க அடையாள அட்டை குடுத்து ஓட்டும் போட விட்டாங்கன்னா நம்மளச் சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், நீயும் பொண்ணு காவியாவும் ஊருக்கு வந்துடுங்க. விடலன்னா விசா எடுத்தாச்சும் நானே இங்க வந்துடறேன்னாரு. நேத்துதான் ஓட்டு. சுண்டுவிரல்ல மை வெப்பாங்க. அத ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்னாரு.

– நேத்து வெச்ச மை இன்னுமா வரல?

– தேயிலைத் தோட்டத்துல சிக்னல் இல்லக்கா. டவுனுக்கு எறங்கினாத்தான். மத்தியானம் வரைக்கும் ஊரடங்கு வேற.

– மை வந்துட்டா காவியா நர்சிங்கு என்ன ஆவறது?

– ரெண்டாவது வருஷம். பாதியில நிறுத்தணும்.

– அவ என்ன சொல்றா?

– அப்பா ஊரு எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துட்டு வரலாம்மாங்கறா. பாத்துட்டு வரலாமாம்.

– நீ என்ன சொல்ற? ஊசி நிக்குது பாரு.

– எங்க தாத்தா கம்பைநல்லூர் பக்கத்துல இருந்துதான் தேயிலைக்குப் போனாராம்க்கா. அங்க அவருக்கு ஓட்டு இல்ல. அப்பாவுக்கும் கெடைக்கல. அகதின்னு எனக்கு இங்க கெடையாது. அவரு வூட்லயும் இதே கததான். எங்க ரெண்டு வூட்லயும் ஒருத்தரு விரல்லயும் மை பட்டதில்ல. அவருக்கு அது உள்ளயே கெடந்து அரிச்சிக்கிட்டு இருந்துச்சு.

– இந்தா பக்கத்துல இருக்கற கம்பைநல்லூரா? நான் இத்தன வருஷமா உன்னச் சிலோன்காரின்னுதான் கடத்தூரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்.

– அங்க எங்க தாத்தாவ இந்தியாக்காரன்னாங்களாம்.

– ஏப்ரல்ல நான் ஓட்டுப் போட்டுட்டு வந்தப்ப என் விரலையே பாத்துக்கிட்டு இருந்த நீ. நகப்பாலிஷ் புதுசான்னு பாக்குறன்னு நெனச்சேன். எங்களுக்கு ஆள்காட்டி விரலு. அங்க எந்தக் கையில வெப்பாங்க?

– இடது கை.

– இடது கை சுண்டுவிரலு. எங்க கடை ஷட்டருக்கு அவரு பெயிண்ட் அடிக்கறப்ப மாட்டி நசுங்குச்சே, அந்த விரலா? நான்தான் துணி சுத்திக் கட்டுனேன். நகம் அப்படியே பேந்து வந்துடுச்சு.

– அதுக்கப்புறம் அந்த விரல்ல நகமே மொளைக்கலக்கா. காவியா சின்னதுல மொட்ட விரலு, மொட்ட விரலுன்னு கூப்பிடுவா.

– ஃபோன்ல ஏதோ ஃபோட்டோ வந்துருக்கு பாரு.

– நீங்க பாருங்க.

– மை இருக்கணுமா, இருக்கக் கூடாதா? அதச் சொல்லு மொதல்ல.

– பாருங்கக்கா.

– இருக்கு. ஊதாவா, பட்டையா வெச்சிருக்காங்க. கீழ எழுதியிருக்காரு, 'கெடச்சிடுச்சு, ஊருக்கு வாங்க'ன்னு. இந்தா. வாழ்க்கையில மொத மை, பெருசு பண்ணிப் பாரு. என்ன புள்ள, இவ்வளவு நேரமா பாக்குற?

– அக்கா, இந்த விரல்ல நகம் இருக்கு.

– குடு இங்க. ஆமா. முழு நகம். இது யாரு கை?

– வரிசையில நின்னவங்க யாராச்சுமா இருக்கும். இல்ல தோட்டத்துல கூட வேலை செய்யறவங்க கையா இருக்கும்.

– இப்படியா ஏமாத்துவாரு மனுஷன்? உனக்குக் கோவம் வரல?

– வரலக்கா. தனியா இருக்க முடியல போல. மை இருக்குன்னு நீங்க சொன்னப்பதான் காவியா படிப்பு போச்சேன்னு இருந்துச்சு. இப்ப இல்ல.

– ஃபோன் போட்டுக் கேளு.

– கேக்கல. எழுதிட்டேன்.

– என்னன்னு?

– 'நகம் மொளைச்சிருக்கு, சந்தோஷம். ஊருக்கு வாங்க, நேர்ல பாக்கறேன்'னு.

– எந்த ஊருக்குன்னு போடலியே?

– அவரு கேக்கல. இதோ, 'காவியாகிட்ட இதச் சொல்லாத, நானே அங்க வந்துடறேன்'னு எழுதியிருக்காரு.