எச்சுக்குளூசு

— நாலே நாலு படி வெத சாமை, பெரிம்மா. அதுக்கு மேல கேக்கல.

— எங்கிட்ட வந்து கேக்க உனக்கு வாய் வருதே, கலைவாணி! போன வருசம் கம்பெனிக்காரன் இதே வாசல்ல நின்னு ஒப்பந்தத்த இங்கிலீசுல படிச்சான். எச்சுக்குளூசுன்னா இன்னாடின்னு உன்னத்தான கேட்டேன்? இன்னா சொன்ன?

— எக்ஸ்க்ளூசிவ். ஒனக்கு மட்டும்னு சொன்னேன்.

— ஊர்ல யாருக்கும் இல்லாத ஒசத்தின்னு நெனச்சிகினு கைநாட்டு வச்சேன். அன்னிக்குப் பொறந்த கன்னுக்குட்டிக்குக் கூட அந்தப் பேர்தான். போளூர் சந்தையில சாமைய எறக்கினேன் பாரு, கம்பெனி ஆளு வந்து தடுத்தப்பதான் தெரிஞ்சுது. கம்பெனிக்கு மட்டுமாம்! வேற யாருக்கும் ஒரு மணி போவக்கூடாதாம்!

— ரெண்டுமே 'மட்டும்'தான பெரிம்மா...

— யாருக்குன்றத மாத்திட்டியேடி, பாவி!

— எனக்கே அப்ப அரைகொறையாத்தான் தெரியும்.

— அரைகொறையா தெரிஞ்சவளுக்கா மறுமாசமே கம்பெனிக்காரன் வேல குடுத்தான்?

— பழச விடு பெரிம்மா. அம்மா வெதச்சது எல்லாத்தையும் மழ அடிச்சிகினு போச்சு. ஆடியும் முடியப் போவுது. நெலம் சும்மா கெடக்குது.

— நம்மூரு லட்சுமணன் தன் மருமகனுக்கு ரெண்டு படி வெத குடுத்தான்னு கம்பெனியில அவன் பேரையே வெட்டிட்டாங்க. அவன் சாமைய இப்ப எடுக்க ஆளில்ல, மூட்டையோட எலி தின்னுது. நானும் அப்டி நிக்கணுமா?

— யாருக்குத் தெரியப் போவுது? நீயும் நானுந்தான இருக்கோம்.

— உங்கம்மா ஏன் வரல?

— உங்கிட்ட கேக்க அதுக்கு வெக்கமா இருக்குதாம்.

— கூடப் பொறந்தவகிட்ட இன்னாடி வெக்கம்? ஒரு வருசம் வெதைக்கலன்னா அவ வூட்ல இன்னா பொங்குவா? எங்கம்மா காலத்துலேர்ந்து, வெதைக்குன்னு வந்தவங்கள இந்த வூட்டுலேர்ந்து வெறுங்கையா அனுப்பினதில்ல. கம்பெனி கெடக்குது, பையப் புடி. ஒண்ணு... ரெண்டு... ஏமே, பையப் புடிக்காம செல்போன ஏன் தூக்கற?

— படியோட அப்டியே நில்லு, பெரிம்மா.

— கம்பெனி பாக்கெட்டுல போடறதுக்குத்தான் அன்னிக்கே சிரிக்கச் சொல்லி போட்டா எடுத்தியே. இது எதுக்கு?

— இதுவும் கம்பெனிக்குத்தான். அம்மா நெலத்த மழ ஒண்ணும் அடிக்கல, பச்சப்பசேல்னு நல்லாத்தான் இருக்குது.