வேலிக்கு அந்தப் பக்கம் மகள் வீடு

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். போன கிழமை, இந்த வெளிநாட்டில் நாங்கள் இருக்கும் வெரிபீ ஊர் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மகளின்ர வீட்டுக் கூரை நான் சமைக்கிற குசினி யன்னலால தெரியும். ஆனா அங்க போக ரெண்டு பஸ் எடுக்கவேணும்.”

“ஏன் அன்ரி?”

“அவள் இருக்கிறது புதுக் குடியிருப்பு. எங்கட றோட்டும் அவையின்ர றோட்டும் சேராது. நடுவில பலகை வேலி. நகரக் கவுன்சிலிட்ட வேலிக்குள்ளால ஒரு வழி கேக்கப்போறன் எண்டு சொல்ல, மருமகன் சிரிச்சவர். நான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினனான். இங்கிலிஷ் வராது. வேலியைக் காட்டுவன், பேனையை நீட்டுவன்.”

“பிறகு?”

“போன மாசம் வேலியை வெட்டி நடைபாதை போட்டுட்டினம். அண்டைக்கே மீன்குழம்புச் சட்டியோட நடந்து போனனான். மருமகன் கதவைத் திறந்து, ‘மாமி, எந்த பஸ்ஸில வந்தனீங்கள்?’ எண்டு கேட்டவர்.”

“என்ன சொன்னீங்கள்?”

“‘சட்டியைத் தொட்டுப் பாருங்கோ’ எண்டனான். விரலைச் சுட்டுக்கொண்டார்!”

பஸ்ஸில் கேட்டதை இந்த வயதில் எழுத்துக் கூட்டி எழுதிவிட்டேன். பேத்தி, ஒருக்கா சத்தமாக வாசி. என் எழுத்தில் அந்தச் சட்டி இன்னும் சுடுகிறதா பார்ப்போம்.