பையை மேஜையில் வையுங்கள்

அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பது போல அருவருப்பான வேலை வேறில்லை, ஐயா. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியாக ஆறு வருடம் அதைத்தான் செய்தேன். ஈரத் துணி, பாதி தின்ற ரொட்டி, மூத்திர வாடை அடிக்கும் போர்வை. அந்த நாற்றத்துக்கெல்லாம் ஒரு கூலி வேண்டாமா?

என் மச்சான் பழக்கடையை மூடியபோது கார்டு மெஷினையும், அதில் வருகிற பணம் சேரும் பேங்க் கணக்கையும் என்னிடம் தந்துவிட்டான். கார்டு பக்கத்தில் வந்தாலே பணம் எடுக்கிற வகை. சின்னத் தொகைக்கு ரகசிய எண் கேட்காது. மேஜையின் மெல்லிய பலகைக்கு அடியில் அதைப் பொருத்தினேன். ஒரு கை அடியில் தொகையை அழுத்தும். மறு கை, சோதிக்கிற சாக்கில், பர்ஸ் இருக்கும் பக்கத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும். பணம் ஏறியதும் மெஷின் லேசாக அதிரும். யார் பர்ஸையும் நான் திறந்ததில்லை.

ஒரு அம்மா தினம் மூன்று முறை வருவாள். அவள் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவருடைய தங்கை ஒன்றைக் கொடுக்க ஒத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த அம்மாவின் பர்ஸில் இருந்த கார்டு கணவருடையது. பணம் போகிற தகவல் அவர் போனுக்குத்தான் வரும். போன் வீட்டு அலமாரியில் கிடந்தது. எனக்கு வசதியாகப் போயிற்று.

இருபது நாள் கழித்து மருந்துக் கவுன்டரில் பணம் போதவில்லை. பேங்க்கில் விசாரித்தால், போனதெல்லாம் ஏதோ ஒரு பழக்கடைக்கு. அந்த அம்மா நேராக என்னிடம்தான் வந்தாள். ஆறு வருடம் ஒரே வாசலில் நின்றால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

"அண்ணே, கார்டு பர்ஸ விட்டு வெளியவே வரல. தானா காசு போகுமா?"

"அதெப்படிம்மா போகும்? கூட இருக்கறவங்கள கேட்டுப் பாருங்க," என்றேன்.

கேட்டாள், என் மேஜைக்கு முன்னாலேயே. அந்தக் கடை எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்றாள் நாத்தனார். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை.

"கிட்னிக்கு விலையா எடுத்துக்கிட்டியா?"

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போனாள். ஆபரேஷனுக்கு இரண்டே நாள் இருந்தது. அவள் திரும்பி வரவில்லை. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது, ஐயா. கூடப்பிறந்தவனுக்கு உயிர் கொடுக்க வந்தவளையே காசுக்காகச் சந்தேகப்படுவார்களா? என்ன ஜென்மங்கள்!

தங்கை போன பதினோராம் நாள் அவர் இறந்துபோனார். அவர் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தாள். கார்டை அவள் மாற்றவில்லை. திருடிதான் போய்விட்டாளே என்று நினைத்திருப்பாள். நான் எழுந்து நின்று, மனதார ஆறுதல் சொன்னேன். வெளியே போகிற பையையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. மேஜையில் வைக்கச் சொன்னேன். பர்ஸ் ஓரமாகத்தான் இருந்தது. மெஷின் அதிர்ந்தது.

அன்றைக்குமா என்று கேட்கிறீர்கள். அவளை மட்டும் விட்டிருந்தால், மற்றவர்களிடம் நான் எடுத்தது தப்பென்று ஆகிவிடாதா?