எடைக்கு எடை கல்கண்டு

"சாமிய ஏமாத்தக் கூடாதுடி. இன்னும் ரெண்டு இட்லி துன்னு."

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அம்மா டிபன் டப்பாவும் கையுமாக இருந்தார். பக்கத்தில் குச்சி மாதிரி அவர் மகள்.

"வேணாம்மா. திங்கக்கிழமை என் மொத ரேஸ். நாப்பத்தொம்போது கிலோவுக்கு மேல போனா என்னைக் குதிரை மேல ஏத்த மாட்டாங்க."

"நீ ஜாக்கி டிரெய்னிங் முடிச்சா எடைக்கு எடை கல்கண்டு குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அப்போ நீ அறுவது கிலோ. சாமி மறந்துடுமா?"

"இப்ப எவ்ளோ இருக்கேனோ அதைக் குடுத்தா போதும்மா."

"நல்லா இருக்குதே நியாயம்!"

மகள் பேச்சை மாற்றப் பார்த்தாள். "ரேஸ்ல எடை ரொம்பக் கொறஞ்சாலும் வுட மாட்டாங்கம்மா. சேணத்துல ஈயக்கட்டி வெச்சி சரி பண்ணித்தான் அனுப்புவாங்க."

அம்மா டப்பாவை மூடிவிட்டார். மகள் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தலப்பட்டு தாண்டியதும் அம்மா மகளின் தோளைத் தட்டினார்.

"தராசுல ஒக்காரும்போது என் பையை மடியில வெச்சிக்கோ."

"எதுக்கும்மா?"

"குதிரைக்கே ஈயம் வெச்சி சரி பண்றாங்க. சாமிக்கு மட்டும் வெறும் எலும்புக் கணக்கா?"